தோட்டத்தில் ஆந்தைக் குஞ்சு வளர்கிறதா? எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் வீடும் தோப்புமாக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் பகுதியில் பனையும் பட்டுப்போன தென்னையும் நிறைய. அதனால் ஆந்தையும் நிறைய. உங்கள் தோட்டத்து மரப்பொந்தில் ஒரு ஜோடி குடிவந்துவிட்டால், குஞ்சு வெளியே வந்து பறக்கும் வரை பக்கத்திலிருந்து பார்க்கலாம், அதற்காகக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் ஒரு குஞ்சு கீழே விழுந்த அன்றைக்கு யாரைக் கூப்பிடுவது, எந்த மாநில ஆபீசுக்குப் போவது, என்ன காகிதம் வேண்டும் என்று சொல்ல எனக்கு யாரும் இல்லை. அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த ஆந்தை என்று முதலில் பாருங்கள்

வீட்டுப் பக்கம் வருவது பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று புள்ளி ஆந்தை, மலையாளத்தில் நத்து என்பார்கள். சுமார் 21 செ.மீ. நீளம், மைனாவை விடக் கொஞ்சம் குண்டு, பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, மஞ்சள் கண். ஜோடியாகவே இருக்கும், சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே வெளியே வந்து கம்பியில் உட்கார்ந்து கொண்டு கிறீச் கிறீச்சென்று சண்டை போடுவது மாதிரி கத்தும். மற்றொன்று கூகை, மலையாளத்தில் வெள்ளிமூங்ங. இது பெரியது, வெள்ளை முகம் இதய வடிவில் இருக்கும், கண் கறுப்பு. பழைய நெல் மில், கோயில் கோபுரம், ஓட்டு வீட்டுப் பரண், பாழடைந்த கிணற்றுச் சுவர், இப்படி இடங்களில் இருக்கும். இராத்திரி சீறுவது போலச் சத்தம் வந்து, பாம்பு என்று பயந்து டார்ச்சோடு ஓடினீர்கள் என்றால், அநேகமாக அது கூகைக் குஞ்சு பசிக்குக் கத்துவதாக இருக்கும்.

இரண்டுக்கும் கால அட்டவணை வேறு, அதனால்தான் இதை முதலில் வைத்தேன். புள்ளி ஆந்தை நவம்பர் முதல் ஏப்ரல் வரைக்குள் முட்டையிடும், சாதாரணமாக 3 அல்லது 4 முட்டை. பொரிய ஏறக்குறைய ஒரு மாதம், பொரித்த குஞ்சு பொந்தை விட்டு வர இன்னொரு மாதம். கூகைக்கு மாதக் கணக்கே கிடையாது, இரை இருந்தால் வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் முட்டையிடும். முட்டையும் அதிகம், 4 முதல் 7 வரை. அடைகாக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், குஞ்சு பறக்க எட்டிலிருந்து பத்து வாரம். ஆக, புள்ளி ஆந்தை என்றால் உங்கள் வேலை இரண்டு மாதம், கூகை என்றால் மூன்று மாதம்.

பொந்து எங்கே என்று தெரியவில்லையா? கள் இறக்க வரும் அண்ணனிடம் கேளுங்கள். காலையும் மாலையும் மரம் ஏறுகிறவர், எந்தப் பொந்தில் கிளி, எதில் மைனா, எதில் ஆந்தை என்று அவருக்கு அத்துப்படி. கேட்கும்போதே "எடுத்துத் தர வேண்டாங்கண்ணா, இடம் மட்டும் சொன்னால் போதும்" என்றும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நமக்கு உதவி என்று நினைத்து துண்டில் சுற்றிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிடுவார்.

2. பட்டுப்போன மரத்தை வெட்ட அவசரப்படாதீர்கள்

இதுதான் பெரிய விஷயம். சிவப்புக் கூன்வண்டு தின்று மண்டை போன தென்னை, இடி விழுந்த பனை, இவைதான் ஆந்தைக்கு வீடு. நம் ஆட்களோ அறுப்பு முடிந்து ஆள் சும்மா கிடைக்கும் ஜனவரி, பிப்ரவரியில்தான் இதையெல்லாம் வெட்டுவார்கள். சரியாக உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கிற நேரம்.

பட்ட தென்னையை வைத்திருந்தால் வண்டு பெருகும் என்று கிருஷி பவனில் (கேரள வேளாண் ஆபீஸ்) சொல்வது பொய்யில்லை. அழுகின தடியில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதனால் எல்லாப் பட்ட மரத்தையும் காப்பாற்றச் சொல்லவில்லை. அக்டோபரிலேயே எது எதில் பொந்து இருக்கிறது என்று பார்த்து, பொந்து இல்லாததை அப்போதே வெட்டி அப்புறப்படுத்துங்கள். பொந்து உள்ள ஒன்றிரண்டை மட்டும் ஏப்ரல் கடைசி வரையாவது, உள்ளே குஞ்சு இருந்தால் அது பறக்கும் வரை, விடுங்கள். வீட்டுக் கூரை மேல் சாய்கிற மாதிரி இருந்தால் அதை வைக்க வேண்டாம், ஆந்தைக்காக ஓடு உடையவேண்டியதில்லை.

மரம் கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தால் மழைக்கு முன் மின்வாரிய ஆட்கள் கிளை வெட்ட வருவார்கள். செக்‌ஷன் ஆபீசில் ஒரு மனு கொடுத்து வையுங்கள்: மரம் இருக்கும் இடம், கம்பத்து எண், எந்தத் தேதி வரை தள்ளி வைக்கக் கேட்கிறீர்கள், அவ்வளவு போதும். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் சீல் போட்டு வாங்கிக் கொள்ளுங்கள். வாயால் சொன்னால் அடுத்த வாரம் வேறு ஆள் வருவார், அவருக்குத் தெரியாது.

3. வாங்க வேண்டியவை, ஆகும் செலவு

ஒன்றுமே வாங்காமலும் பார்க்கலாம். ஆனாலும் ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது. 8×40 அல்லது 8×42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள், மங்கின வெளிச்சத்தில் இதுதான் உதவும். ஐந்தாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் நல்லதே கிடைக்கும். 20×, 30× என்று பெரிய எண் போட்டு மலிவாக விற்பதை வாங்கி ஏமாறாதீர்கள், கை நடுங்கும், படம் கறுப்பாகத் தெரியும்.

டார்ச்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினால் போதும், பத்து ரூபாய் வேலை. இரவில் பார்க்க வைஃபை கேமரா வைப்பதாக இருந்தால் இரண்டாயிரம், மூவாயிரம் ஆகும். அதைப் பொந்துக்குள் வைக்கக் கூடாது. எதிர் மரத்திலோ சுவரிலோ, அதுவும் முட்டையிடும் காலத்துக்கு முன்பே வைத்துவிட வேண்டும். நடுவில் ஏணி போட்டு ஏறிக் கேமரா மாட்டினால் தாய் முட்டையை விட்டுப் போய்விட வாய்ப்பு உண்டு.

பொந்தே இல்லாத தோட்டம் என்றால் பெட்டி வைக்கலாம். புள்ளி ஆந்தைக்குப் பழைய பலகையில் அடியில் 20×20 செ.மீ., உயரம் 40 செ.மீ., முன்பலகையில் மேல்பக்கமாக ஏழெட்டு செ.மீ. அகலத்தில் ஒரு துளை. கூகைக்கு இது போதாது, அடி அகலம் குறைந்தது 45×60 செ.மீ., துளை 13 செ.மீ. சதுரம், அந்தத் துளை அடிப்பலகையிலிருந்து 45 செ.மீ. மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் குஞ்சு எட்டிப் பார்த்துக் கீழே விழும். ஆந்தை குச்சி பொறுக்கிக் கூடு கட்டாது, அதனால் நீங்களே உள்ளே இரண்டு விரல் கனத்துக்கு மரத்தூள் போட வேண்டும். அடியில் தண்ணீர் வடிய நாலு சின்ன ஓட்டை. ஆசாரிக் கூலியோடு சின்னதற்கு எழுநூறு எண்ணூறு, பெரியதற்கு மூவாயிரம் வரை ஆகலாம்.

துளை கிழக்கே பார்க்க வைக்காதீர்கள். கார்த்திகை, மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று உங்களுக்குத் தெரியாததா, வாழையையே சாய்க்கும். தென்மேற்கு மழைச் சாரலும் அடிக்கக் கூடாது என்பதால் வடக்கு நல்லது. அக்டோபருக்குள் மாட்டிவிடுங்கள். முதல் வருஷமே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மைனாவோ அணிலோ தேனீயோ முந்திக்கொள்ளும், அதுவும் நல்லதுதான்.

4. வீட்டில் உள்ளவர்களிடம் பேசுங்கள்

ஆந்தை அலறினால் சாவு என்று பாட்டி சொல்வார், பக்கத்து வீட்டுச் சித்தப்பா கல்லெறிவார். இதை வாதாடி ஜெயிக்க முடியாது. எனக்குப் பலித்தது எலிக் கணக்குதான். கூகை விழுங்கியதில் செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். பொந்துக்கு அடியில் கிடக்கும் அந்த உருண்டை ஒன்றை எடுத்து (கையுறை போட்டுக்கொண்டு) தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் உள்ளே எலி மண்டை ஓடு முழுசாக இருக்கும். அதை ஒரு தாளில் வைத்துக் காட்டினால் நெல் போட்டிருக்கிறவர் யாரும் கல்லெடுக்க மாட்டார். புள்ளி ஆந்தை உருண்டையில் வண்டு ஓடுதான் அதிகம் இருக்கும்.

எலி மருந்துப் பேச்சையும் அப்போதே முடித்துவிடுங்கள். மருந்து தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடிக்கொண்டு திறந்த வெளியில் திரியும், அதைத்தான் ஆந்தை சுலபமாகப் பிடிக்கும், பிடித்துக் குஞ்சுக்குக் கொடுக்கும். புரோமடியலோன் கேக் வைத்த வயலுக்குப் பக்கத்தில் கூடு இருந்தால் ஆபத்து அதிகம். குஞ்சு இருக்கிற இரண்டு மூன்று மாதம் மட்டுமாவது பொறி வையுங்கள் என்று கேளுங்கள். நிரந்தரமாக நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், "சித்திரை வரைக்கும்" என்றால் கேட்பார்கள்.

5. வாரக்கணக்கில் என்ன தெரியும்

முட்டையிட்ட முதல் நாளிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிக்காது. கூகைக் குடும்பத்தில் மூத்ததும் கடைசியும் பார்க்க வேறு வேறு பறவை மாதிரி இருக்கும். இரை குறைந்தால் சின்னது செத்துப்போகும், மூத்தவை அதைத் தின்றுவிடுவதும் உண்டு. பார்க்கக் கஷ்டமாக இருந்தாலும் நீங்கள் புகுந்து எதையும் மாற்றக் கூடாது.

முதல் இரண்டு வாரம் உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. கண் மூடிய, வெள்ளைப் பஞ்சு போர்த்த குஞ்சு உள்ளே, தாய் அதன் மேல், அப்பன் மட்டும் வந்து வந்து போகும். ஏணி போட்டு எட்டிப் பார்க்கத் தோன்றுவது இப்போதுதான், கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரத்தில் தாயும் வேட்டைக்குக் கிளம்பும், சத்தம் கூடும். நான்காவது வாரம் புள்ளி ஆந்தைக் குஞ்சு துளையில் முகத்தை வைத்துக்கொண்டு உங்களையே பார்க்கும், தலையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டும். தூரத்தை அளக்கத்தான் அந்த ஆட்டம். இந்த வாரம்தான் விருந்து. சூரியன் மறைய அரை மணி நேரம் முன்பு உட்கார்ந்து, நன்றாக இருட்டும் வரை இருங்கள். மற்ற நேரத்தில் உட்கார்வது கொசுவுக்குத் தீனி.

குறைந்தது பதினைந்து மீட்டர் தள்ளி, தினமும் ஒரே இடத்தில் உட்காருங்கள். பெரிய ஆந்தை உங்களை முறைத்து வேகமாகத் தலையாட்டினால் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வாயில் இரையோடு வந்து பொந்துக்குள் போகாமல் கிளையிலேயே காத்திருந்தால் இன்னும் பின்னால் போங்கள், நீங்கள் இருக்கிற நேரமெல்லாம் குஞ்சு பட்டினி. ஃபிளாஷ் வேண்டாம். போனில் ஆந்தைச் சத்தம் போட்டு வரவழைக்கும் வேலையும் வேண்டாம், வேறு ஆந்தை வந்துவிட்டது என்று அது வேட்டையை விட்டுவிட்டு விரட்டக் கிளம்பும். தோட்டத்து ஃபோகஸ் லைட்டை இந்த மாதங்களில் அணைத்து வையுங்கள்.

6. தோட்டத்தில் உள்ள பொறிகள்

பறக்கப் பழகும் குஞ்சுக்கு ஆபத்து பெரும்பாலும் நாம் வைத்ததுதான். திறந்த தண்ணீர்த் தொட்டி முதல் எதிரி, விழுந்தால் ஏற முடியாது. மூடி போடுங்கள், முடியாவிட்டால் ஒரு பலகையை மிதக்க விடுங்கள். கொய்யா, சப்போட்டா மேல் போட்டிருக்கும் நைலான் வலையைச் சுருட்டி வையுங்கள். பூனையை இரவில் உள்ளே அடையுங்கள், குறைந்தது குஞ்சு வெளியே வந்த முதல் வாரமாவது.

7. குஞ்சு கீழே விழுந்தால்

பதறாதீர்கள், முதலில் பாருங்கள். இறகு முளைத்து, கண் திறந்து, நிற்கிற குஞ்சா, அல்லது பஞ்சு மட்டும் உள்ளதா?

இறகு முளைத்த புள்ளி ஆந்தைக் குஞ்சு என்றால் பெரும்பாலும் அது தொலைந்து போகவில்லை, பறக்கப் பழகுகிறது. துணியால் இரண்டு கையாலும் மெதுவாக எடுத்து பக்கத்திலேயே நாய், பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள். இருட்டியதும் அப்பன் ஆத்தா வந்து ஊட்டும். மனிதர் தொட்டால் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. கூகைக் குஞ்சு என்றால் கதை வேறு. கீழே கிடப்பதற்குப் பெரியது வந்து ஊட்டாமலே விட்டுவிடும், அதனால் காயம் இல்லையென்றால் வந்த பொந்திலேயே திரும்ப வைக்க வேண்டும். பஞ்சு மட்டும் உள்ள எந்தக் குஞ்சுக்கும் இதே விதிதான். ஏறத் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள், நீங்கள் ஏற வேண்டாம்.

இறக்கை தொங்குகிறது, ரத்தம், பூனை கடித்தது, எழ முடியவில்லை என்றால்தான் ஆள் உதவி தேவை. அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, பருத்தித் துணி விரித்து, மூடி, இருட்டான அமைதியான அறையில் வையுங்கள். பால், சோறு, பிஸ்கட், ரொட்டி எதுவும் கொடுக்காதீர்கள். சொட்டு சொட்டாகத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், நுரையீரலில் போய்ச் செத்துப்போகும். பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டவும் வேண்டாம், பயத்திலேயே போய்விடும்.

8. எந்த ஆபீஸ், என்ன காகிதம்

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. தோப்பின் கடைசி வரப்புக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. ஒரு ஆபீசில் கூப்பிட்டால் "அது அவங்க ஏரியா" என்றார்கள், அவர்களிடம் கேட்டால் "நீங்க கேரளாவுல இருந்துதானே பேசுறீங்க" என்றார்கள். சர்வே எண்ணைச் சொன்ன பிறகுதான் பேச்சு நகர்ந்தது. ஆகவே கரம் (நில வரி) கட்டின ரசீதை போனில் படமெடுத்து வையுங்கள், அதில் வில்லேஜும் சர்வே எண்ணும் இருக்கும். எந்த மண்ணில் விழுந்ததோ அந்த மாநில வனத்துறைதான், நீங்கள் எங்கே ஓட்டுப் போடுகிறீர்கள் என்பது கணக்கில்லை. உங்கள் ரேஞ்ச் ஆபீஸ் எண்ணைக் குஞ்சு பொரிக்கும் முன்பே வாங்கி வையுங்கள். ராத்திரி யாரும் எடுக்கவில்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லலாம், 112 இரண்டு மாநிலத்திலும் வேலை செய்யும்.

1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பது, வளர்ப்பது, விற்பது எல்லாம் குற்றம். கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதுகூட அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் வந்துவிடுகிறது. "நாலு நாள் பார்த்துவிட்டு விடலாம்" என்று வீட்டில் வைக்காதீர்கள். கைக்கு வந்த காட்டு உயிரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பொள்ளாச்சியிலோ கோயமுத்தூரிலோ நல்ல டாக்டர் இருக்கிறார் என்று நீங்களாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு செக்போஸ்ட் தாண்டவும் வேண்டாம், அனுமதி இல்லாமல் வனவிலங்கைக் கொண்டுபோவது தனி வழக்கு. தூக்கிப் போவது அவர்கள் வேலை.

எழுதிக் கொடுக்க வேண்டியது ஒரு பக்கம்தான்: உங்கள் பெயர், விலாசம், எந்தத் தேதி எத்தனை மணிக்கு எங்கே கிடைத்தது, சர்வே எண், என்ன நிலையில் இருந்தது. ஆதார் நகல் ஒன்று, விழுந்த இடத்தின் படம் ஒன்று. கையெழுத்திட்ட நகலை வாங்காமல் வராதீர்கள், பின்னால் யாராவது "இவர் வீட்டில் ஆந்தை இருந்தது" என்று புகார் சொன்னால் அதுதான் உங்கள் கவசம். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. மனு மலையாளத்தில் இருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ளூர் ஆபீசுக்குத் தமிழில் எழுத 1969-ம் வருட கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தமிழிலேயே கொடுங்கள், ஆனால் ஆள் அவசரத்தில் இருந்தால் நாலு வரி மலையாளத்தில் கூடவே வைத்தால் அன்றைக்கே நகரும், உரிமை வேறு, வேலை நடப்பது வேறு.

9. இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள்

வெள்ளிமூங்ங லட்சக்கணக்கில் விலை போகும் என்று இந்தப் பக்கம் ஒரு புரளி வெகு நாளாகச் சுற்றுகிறது. அதை நம்பி வாங்க வருகிறவனும் உண்டு, விற்றுத் தருகிறேன் என்று முன்பணம் வாங்கி ஏமாற்றுகிறவனும் உண்டு. தீபாவளி நெருங்கும்போது பூசைக்கென்று ஆந்தை தேடுகிறவர்களும் கிளம்புவார்கள். வாட்ஸாப் ஸ்டேட்டஸில் குஞ்சுப் படம் போட ஆசையாக இருந்தால் அவை பறந்துபோன பிறகு போடுங்கள், பின்னால் வீடோ கோயிலோ தெரியாமல். ஐநேச்சுரலிஸ்டில் (பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதியும் இணையதளம்) பதிவதாக இருந்தால் இடத்தை மறைத்துக் காட்டும் வசதி இருக்கிறது, அதைத் தட்டிவிடுங்கள். முன்பின் தெரியாதவர் தோப்பு வாசலில் வந்து "இங்கே மூங்ங இருக்காமே" என்று கேட்டால், இருந்தது, போய்விட்டது என்று சொல்லுங்கள். வண்டி எண்ணைக் குறித்து ரேஞ்ச் ஆபீசுக்குச் சொல்லிவிடுங்கள்.

10. பறந்த பிறகு

பொந்தை விட்டு வந்தாலும் புள்ளி ஆந்தைக் குஞ்சுகள் இன்னும் மூன்று வாரம் போலப் பக்கத்து மரங்களிலேயே வரிசையாக உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத் தின்னும். அதுவரை மரத்தில் கை வைக்க வேண்டாம். அப்புறம் தொடர்ந்து ஒரு வாரம் சாயங்காலம் பார்த்து, யாரும் உள்ளே போகவில்லை என்று உறுதியானால் வெட்ட வேண்டிய மரத்தை இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடிப்பதற்குள், அதாவது மே மாதத்துக்குள், வெட்டிவிடலாம். பொந்து இருந்த துண்டை மட்டும் ஒரு மீட்டர் நீளத்துக்கு அறுத்து, மேல்பக்கம் தகரம் அடித்து, நல்ல மரம் ஒன்றில் கட்டி வையுங்கள். பெட்டிக்காசு மிச்சம். பெட்டி வைத்திருந்தால் அக்டோபரில் பழைய தூளை வாரிக் கொட்டிப் புதுசு போடுங்கள், முகத்தில் துணி கட்டிக்கொண்டு, அந்த நாற்றம் சாதாரணமானதில்லை.